மருந்து தரும் வேதனையை வாய்விட்டுச் சொல்லுங்கள்

(பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று லூர்து அன்னையின் திருநாள். புனித திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டு இந்த நாளையே உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் இந்நாளில் நோயுற்றவர்களின் நலனுக்காக மன்றாடுகிறோம். இந்த முறை நோய் தரும் வேதனையைப் பற்றி அல்ல, நோய்க்காகச் சாப்பிடும் மருந்து தரும் வேதனையைப் பற்றிச் சிந்திப்போம். அதற்கு முன், பங்குப் பணியாளராகிய நம் பக்கம் நேர்ந்த ஒரு தவற்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதத்தின் முதல் வெள்ளியன்று, நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு சென்றோம். அதில் ஒரு வீடு, கோயில் வாசலில் பூக்கட்டி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஓர் அம்மாவின் வீடு. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து, அரசு மருத்துவமனையில் மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. நற்கருணை வாங்கிய பிறகு அவர், “சாமி, மாத்திரை போட்டா வயித்தப் புரட்டுது. சோறு கண்டாலே ஆகல. விட்டுடலாமான்னு இருக்கு” என்றார்.

நாம் சொன்ன பதில் இதுதான்: “மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்கம்மா. ஆண்டவர் சிலுவையில பட்ட பாட்டோட சேர்த்து இதையும் ஒப்புக்கொடுத்துடுங்க.” ஆசீர் அளித்துவிட்டு அடுத்த வீட்டிற்குக் கிளம்பினோம்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகள் பங்கு இல்லத்திற்கு ஓடிவந்தார். அம்மாவின் கண்கள் மஞ்சளாகிவிட்டன, வாந்தி நிற்கவில்லை என்றார். மருத்துவமனையில் பார்த்தபோது, மாத்திரைகள் கல்லீரலைத் தாக்கியிருப்பது தெரிந்தது. “இத்தனை நாள் ஏம்மா சொல்லல?” என்று மருத்துவர் கேட்டார். கட்டில் அருகே நின்ற நம்மைப் பார்த்துவிட்டு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “சாமிதான் ஒப்புக்கொடுக்கச் சொன்னாரு.”

அன்பார்ந்தவர்களே, அந்தச் சொல் இன்றும் நம் காதில் கேட்கிறது. மாத்திரையை உங்கள் விருப்பத்திற்கு நிறுத்தாதீர்கள் என்று சொன்னது சரி. “இன்றே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள்” என்று சொல்லாமல் விட்டது பெரிய தவறு. நல்ல வேளையாக அவர் பிழைத்தார். மாத்திரைகளை நிறுத்தி, கல்லீரல் தேறிய பிறகு, மருத்துவர்கள் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்கிச் சிகிச்சையை முடித்துவைத்தார்கள். அன்று அந்த வீட்டில் சொல்லாமல் விட்டதை இன்று எல்லாருக்கும் சொல்லவே இந்த மறையுரை.

மருந்து ஏன் இப்படிச் செய்கிறது?

காசநோய்க் கிருமி மெதுவாக வளரும், எளிதில் சாகாது. ஆகவே ஒரே மருந்து போதுவதில்லை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைட், எத்தாம்புட்டால். பிறகு நான்கு மாதம் இவற்றில் மூன்று. மொத்தம் ஆறு மாதம். கிருமியைத் தாக்கும் அளவுக்கு வலுவான மருந்து உடலையும் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் போகும். அதைத்தான் பக்கவிளைவு என்கிறோம். அவை எல்லாம் ஒரே மாதிரி அல்ல. மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

முதல் வகை, பயமுறுத்தும். ஆனால் தீங்கு செய்யாது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக, சில சமயம் சிவப்பாகவே போகும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும்; வெள்ளைச் சட்டையில் கறை படியும். இரத்தம் போகிறது என்று பயந்து முதல் வாரத்திலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம்தான்.

இரண்டாம் வகை, தொந்தரவு தரும். சொன்னால் வழி கிடைக்கும். குமட்டல் இருந்தால் எந்த நேரத்தில், எதைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாம் என்று மருத்துவர் மாற்றித் தருவார். பைரசினமைட் மூட்டுவலி தரலாம். அதற்கு மருந்து உண்டு. ஐசோனியசிட்டினால் பாதம் எரியலாம், மரத்துப்போகலாம். பைரிடாக்சின் என்ற வைட்டமின் பி6 மாத்திரை அதைத் தடுக்கும். ஒரு சிறு மாத்திரையில் தீரக்கூடிய எரிச்சலை மாதக்கணக்கில் தாங்குவதில் என்ன பயன்?

மூன்றாம் வகையில் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காமல், பசியே இல்லாமல் போவது, வலது விலாவின் கீழ் வலி, பார்வை மங்குவது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாமல் போவது, உடல் முழுவதும் தடிப்பும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வருவது. இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடும் முன் மருத்துவமனைக்குப் போங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பூக்கார அம்மா இந்த வகைக்குள் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாம் அவரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம்.

மது அருந்தும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாத்திரைகளும் மதுவும் தாக்குவது ஒரே கல்லீரலைத்தான். ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களும் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

‘சூடு’ என்று நிறுத்துகிறவர்கள்

நம் ஊரில் மருந்தைப் பற்றி முதலில் கேட்கும் சொல் ‘சூடு’. “மாத்திரை ஒடம்புக்குச் சூடு, ரெண்டு நாள் விட்டுட்டு மோர் குடி” என்று அடுத்த வீட்டில் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். மோர் குடியுங்கள், இளநீர் குடியுங்கள், தவறில்லை. ஆனால் இரண்டு நாள் விட்டது இரண்டு வாரமாகும். அதற்குள் இருமல் நின்றிருக்கும், எடை கூடியிருக்கும், குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே பதுங்கியிருந்த கிருமிகள் திரும்பப் பெருகும். அந்த மருந்துகளுக்குப் பழகிப்போன கிருமிகளாகவும் எழும்பலாம். அப்போது வேறு மருந்துகள் தேவைப்படும். அவற்றின் பக்கவிளைவும் கடுமையாக இருக்கும். அதோடு, வீட்டிலுள்ள குழந்தைக்கும் அதே கிருமி தொற்றும்.

இந்தப் போராட்டம் புதியதல்ல. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பதுதான் உலகம் முழுவதும் இருந்த எண்ணம். சென்னையில் சில நோயாளிகளைச் சானடோரியத்திலும், சிலரை நெருக்கமான சிறு வீடுகளில் அவரவர் குடும்பத்தோடும் வைத்து, ஒரே மருந்தை ஓர் ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் அந்த முடிவு வெளியானபோது உலகமே வியந்தது. கட்டிலையும் நல்ல சாப்பாட்டையும்விட, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதே முக்கியம் என்று தெரிந்தது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய மருந்துகளில் ஒன்றான பி.ஏ.எஸ். வயிற்றைப் பாடாய்ப் படுத்தியது. வாங்கிப்போன மாத்திரையை எல்லாரும் சாப்பிடவில்லை. சொல்லாமல் வீட்டிற்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தும், சிறுநீரைச் சோதித்தும்தான் மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் முன்னிலையில் மருந்து சாப்பிடும் முறையையும் 1960களில் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள். இந்த வரலாற்றை நாம் சொல்வது அந்த நோயாளிகளைக் குறைகூற அல்ல. வேதனையை வெளியே சொல்ல ஓர் இடம் இல்லாதபோது, மனிதர் மாத்திரையை மறைத்துவைக்கிறார்கள். இன்றும் எத்தனை வீடுகளில் தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை கிடக்கிறதோ!

எரிந்த மருந்து, குணமான கண்

நம் திருவிவிலியத்தில் தோபித்து நூல் இருக்கிறது. தோபித்து நல்ல மனிதர்; இறந்தவர்களை அடக்கம் செய்தவர். அவருக்குக் கண்ணில் வெண்புள்ளிகள் விழுந்தன. மருத்துவர்களிடம் போனார். அவர்கள் மருந்து தடவத் தடவப் பார்வை மேலும் கெட்டு, முற்றிலும் போய்விட்டது. ஆம், மருந்தினால் கேடு வருவதும் உண்டு என்பதை இறைவார்த்தை மறைக்கவில்லை.

பிறகு கடவுள் தம் வானதூதர் இரபேலை அனுப்பினார். இரபேல் என்ற பெயருக்கே ‘கடவுள் குணமளிக்கிறார்’ என்றுதான் பொருள். அவர் நினைத்திருந்தால் ஒரு சொல்லால் கண்ணைத் திறந்திருக்கலாம். அவரோ மீனின் பித்தப்பையை எடுத்துவைக்கச் சொன்னார். மகன் தோபியா தந்தையின் கண்ணில் அதைத் தடவியபோது கண் எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் வெண்படலம் உரிந்து, தோபித்து தம் மகனைக் கண்டார். வானதூதர் காட்டித் தந்த மருந்தே எரிந்தது என்றால், நம் மருத்துவமனை மாத்திரை கசக்கக் கூடாதா?

ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன: கெடுத்த மருந்து, எரிந்து குணமாக்கிய மருந்து. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் வேதனைதான். எது எது என்று நோயாளி தனியாக இருந்து கண்டுபிடிக்க முடியாது. தோபித்தின் அருகே மகன் நின்றான், தந்தை பயப்படாதபடி தைரியம் சொன்னான், தன் கையாலேயே மருந்து தடவினான், படலத்தையும் உரித்தெடுத்தான். மருந்து சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு தோபியா வேண்டும்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம், ஆண்டவர் மண்ணிலிருந்து மருந்துகளை உண்டாக்கினார் என்று கற்பிக்கிறது. அதற்கு நாம் சொன்ன மாத்திரையே சாட்சி. ரிஃபாம்பிசினுக்கு மூலமான நுண்ணுயிரை 1957இல் ஒரு பிடி மண்ணிலிருந்துதான் கண்டெடுத்தார்கள். அந்த மண் எடுத்த இடம் பிரான்சின் தென்கடற்கரையில் உள்ள ஓர் ஊர். ஊரின் பெயர் புனித இரபேல்! இதைப் புதுமை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, அந்த வானதூதரை நினைத்து ஒரு சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளலாம் அல்லவா?

ஒப்புக்கொடுப்பது என்றால் மறைப்பது அல்ல

இப்போது நம் தவற்றிற்குத் திரும்புவோம். துன்பத்தைக் கிறிஸ்துவின் சிலுவையோடு சேர்த்து ஒப்புக்கொடுப்பது திருச்சபையின் பழமையான பக்தி. அது பொய் அல்ல. ஆனால் ஒப்புக்கொடுப்பதும் வாய்மூடி இருப்பதும் ஒன்றல்ல. கெத்சமனியில் ஆண்டவர் தம் துயரத்தைச் சீடர்களிடம் சொன்னார். அந்தக் கிண்ணம் அகல வேண்டும் என்று தந்தையிடம் கேட்டார். சிலுவையில் தொங்கியபோது தம் தாகத்தை வாய்விட்டுச் சொன்னார். திருத்தூதர் பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை மன்றாடினார். மாற்ற முடியாதது என்று அறிந்த பின்புதான் அதை ஏற்றுக்கொண்டார். முதலில் சொல்வது, தீர்க்க முடிந்ததைத் தீர்ப்பது, தீராமல் எஞ்சியதை ஒப்புக்கொடுப்பது. இதுதான் வரிசை.

வேதனையைத் தணிக்கும் மருந்தைக் கிறிஸ்தவர் பயன்படுத்தலாமா என்ற கேள்வி 1957ஆம் ஆண்டிலேயே எழுந்தது. மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பயன்படுத்தலாம் என்று தெளிவாகக் கற்பித்தார். ஆகவே குமட்டலுக்கு மாத்திரை கேட்பதை விசுவாசக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செபக்கூட்டத்திற்குப் போய்வந்து, “ஆண்டவர் என்னைத் தொட்டார், இனி மாத்திரை வேண்டாம்” என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டவர் தொடுவார், அதை நாம் நம்புகிறோம். அரசர் எசேக்கியா அழுது மன்றாடியபோது ஆண்டவர் அவருக்கு 15 ஆண்டு ஆயுள் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்குறுதியைக் கொண்டுவந்த இறைவாக்கினர் எசாயாவே, அத்திப்பழ அடையைக் கட்டியின் மேல் வைத்துக் கட்டச் சொன்னார். பத்துத் தொழுநோயாளரைக் குணமாக்கிய ஆண்டவர் அவர்களைக் குருக்களிடம் போய்க் காட்டச் சொன்னார். லூர்து நகரில்கூட 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது; குணமடைந்தேன் என்று வருகிறவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகுதான் திருச்சபை பேசுகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். குணமானதாக உணர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்மையான புதுமை பரிசோதனைக்கு அஞ்சாது.

மற்ற நோயாளர்களுக்கும்

காசநோயை எடுத்துக்காட்டாகத்தான் சொன்னோம். மூட்டுவாதத்திற்கும் சிறுநீரக நோய்க்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. முகம் ஊதுகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று நீங்களாகவே திடீரென நிறுத்தினால் ஆபத்து. அந்தச் சுரப்பை உடல் தானே செய்வதை நிறுத்தியிருக்கும்; ஆகவே மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள், வாரம் ஒரு நாள் மருந்தைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிடாதபடி நாள்காட்டியில் கிழமையைக் குறித்துவையுங்கள். வலிப்பு மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கிறது, மனநோய் மாத்திரை உடலைப் பெருக்க வைக்கிறது என்று சத்தமில்லாமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். வேறு மருந்தோ வேறு அளவோ இருக்கலாம். சொன்னால்தான் தெரியும்.

குடும்பத்தாருக்கும் அன்பியத்திற்கும்

வீட்டில் இருப்பவர்கள் “மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “போட்ட பிறகு எப்படி இருக்கு?” என்றும் கேளுங்கள். முதல் கேள்வி போலீஸ்காரர் கேட்பது; இரண்டாவது தோபியா கேட்பது. ஒரு நோட்டில் தேதி போட்டு, என்ன மாத்திரை, என்ன தொந்தரவு, எப்போது வந்தது என்று எழுதிவையுங்கள். மருத்துவர் முன் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும், நோட்டு மறக்காது.

அன்பியத்தில் யாராவது காசநோய் மாத்திரை தொடங்கினால், பழங்களோடு ஒரு முறை பார்த்துவிட்டு வந்தால் போதாது. ஆறு மாதமும் ஒருவர் துணையாக இருக்கட்டும். மருத்துவமனைக்குக் கூடப் போகட்டும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் தருகிறது. அது வந்து சேர்ந்ததா என்று விசாரித்துக் கொடுப்பதும் இறைப்பணிதான். கூச்சத்தினால் நோயை மறைப்பவர்களைப் பற்றி ஊருக்குச் சொல்லாமல் காப்பதும் அன்பே.

இறுதியாக, நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தை நினைவூட்டுகிறோம். பெரியவர்கள் அதை இன்னும் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று சொல்லி, குருவானவர் எண்ணெயோடு வந்தாலே முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த எண்ணத்தைத் திருத்தியது. கடும் நோயில் போராடுகிற எவரும் அதைக் கேட்டுப் பெறலாம்; நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். கேளுங்கள், வருகிறோம். இனி வரும்போது, எண்ணெயைத் திறக்கும் முன் உங்கள் மாத்திரை நோட்டையும் காட்டச் சொல்லிக் கேட்போம்.

அந்தப் பூக்கார அம்மா இன்றும் கோயில் வாசலில் பூக்கட்டுகிறார். பங்கில் யாராவது காசநோய் மாத்திரை தொடங்கியதாகக் கேள்விப்பட்டால், கடையை மகளிடம் விட்டுவிட்டு அந்த வீட்டிற்குப் போகிறார். உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “மாத்திரை சாப்பிட்டா என்ன பண்ணுது, சொல்லு” என்பதுதான். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தோபித்தின் கண்களைத் திறந்த இறைவன், கசப்பான மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. அதைச் சொல்ல ஒரு வாயையும், கேட்க ஒரு காதையும் நம் ஒவ்வொரு வீட்டிற்கும் தருவாராக. நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.